ஆராய்ச்சிக்குப் போன என் மாடுகள்

பூமி சுற்றுகிறது என்று வாத்தியார் சொன்ன நாளோடு நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திக்கொண்டேன். அப்போது மூன்றாம் வகுப்பு. அப்படியானால் நாம் ஏன் கீழே விழவில்லை என்று கேட்டேன். பூமி நம்மை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார். கை தவறி விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். பதில் சொல்லாமல் அவர் சிரித்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. அன்று வீடு வரைக்கும் வேலிகளையும் விளக்குக் கம்பங்களையும் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தேன். எழுத்துக் கூட்டத் தெரிந்திருந்தது. மீதியைக் கடைப் பலகைகளும், சாமான் பொட்டலம் கட்டி வந்த பத்திரிகைத் தாள்களும் கற்றுக்கொடுத்தன.

இப்படிப்பட்ட நான் பின்னாளில் மூன்று பெரிய படிப்பாளிகளோடு, ஒரு தீபாவளி கழிந்து மறு தைப்பூசம் வரைக்கும், பினாங்குத் தீவில் தெருத் தெருவாகத் திரிந்தேன். அவர்களுடைய படிப்பில் ஒரு துளிகூட எனக்கு ஒட்டவில்லை. ஒட்டியதெல்லாம் என் மாடுகளுக்குத்தான்.

அந்தக் காலத்தில் ஜார்ஜ்டவுனில் மோட்டார் லாரிகள் தலைகாட்டத் தொடங்கியிருந்தாலும், துறைமுகத்திலிருந்து கிட்டங்கிகளுக்கு அரிசி மூட்டை போவது மாட்டு வண்டியில்தான். எனக்கும் ஒரு வண்டி இருந்தது. இரண்டும் வெள்ளை மாடுகள். நுகத்தில் வலப்பக்கம் பூட்டுகிறதை வலத்தான் என்றும் இடப்பக்கம் பூட்டுகிறதை இடத்தான் என்றும் கூப்பிடுவேன். வலத்தான் யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளாத ஜாதி. இடத்தான் என்னைப் போல. டிராம் மணி அடித்தால் துள்ளும். கிட்டங்கிக் கதவைச் சாத்தினால் துள்ளும். யாராவது பலமாகத் தும்மினால்கூட வண்டி ஒரு முழம் முன்னே போய்விடும்.

அந்த வருஷம் என் மனைவிக்குக் குளிர்சுரம் வந்தது. போர்வை மேல் போர்வையாகப் போர்த்தியும் பல் அடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து மருந்து கொடுத்துவிட்டு, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பார்க்கலாம் என்ற சொல்லைப்போல என்னைக் கலக்குகிற சொல் வேறில்லை. வாசலுக்கு வந்து, முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைத் திக்கைப் பார்த்துக் கும்பிட்டு, "முருகா, இவ எழுந்து உக்காந்தா, வர்ற தைப்பூசத்துக்கு உன் தேரை என் மாடுதான் இழுக்கும்" என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாளே அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். முருகன் தன் பங்கை இவ்வளவு சீக்கிரம் முடித்துவிடுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. வெள்ளித் தேருக்கு எந்த மாடு என்று முடிவு செய்வது நான் இல்லை. கோயில் பெரியவர்கள். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் அவர்கள் மாடு பார்ப்பார்கள். நிறம் பார்ப்பார்கள், கொம்பு பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். பிறகு வண்டியில் பூட்டி, டவுனிலிருந்து தண்ணீர்மலை அடிவாரம் வரைக்கும் தேர் போகும் பாதையில் நடத்திப் பார்ப்பார்கள். அவர்களுக்குப் பிடித்த ஜோடிதான் தேர் இழுக்கும்.

விஷயத்தை மனைவியிடம் சொன்னேன். கஞ்சிக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தேங்கா உடைக்கிறேன்னு வேண்டியிருக்கலாம்ல?"

"அந்த நேரத்துல தோணலையே."

"முடி எறக்குறேன்னாவது சொல்லியிருக்கலாம். முடி நம்மளோடது. தேரு கோயிலோடது. அடுத்தவங்க சாமானைக் காட்டி வேண்டிக்கிட்ட மனுஷன் இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்."

வேண்டுதல் நிறைவேறாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டேன். சுரத்தை ஒரே நாளில் வாங்கிக்கொண்டு போனவனுக்கு அதைத் திருப்பிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? அன்றிலிருந்து அவள் தும்மினால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். மிளகாய் வறுத்துத் தும்மினாலும் தொட்டுப் பார்த்தேன்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. முந்தைய இரண்டு வருஷமும் தேர் இழுத்தவை என் மனைவியின் அண்ணனுடைய மாடுகள். மச்சான் சுங்கை பினாங்கில் இருந்தார். அவருடைய ஜோடி யானைக்குட்டி மாதிரி இருக்கும். நடையும் அப்படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"ஒரே ஒரு வருஷம் விட்டுக் குடுக்கக்கூடாதா மச்சான்?"

"வேண்டிக்கிறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா மாப்ள. வேணாம்னு சொல்லியிருப்பேன்."

"உங்க தங்கச்சிக்காகத்தான வேண்டிக்கிட்டேன்."

"தங்கச்சி வேற, தேரு வேற. சாமி காரியத்துல மச்சான் ஏது, மாப்ள ஏது? உன் மாடு நல்லா இருந்தா அவங்களே எடுத்துக்கிட்டுப் போறாங்க. ஆனா ஒண்ணு கேக்குறேன். உன் இடத்தான் தும்முனாலே ஓடுது. தேருக்கு முன்னால தேங்கா ஒடையுறப்ப என்ன பண்ணும்? கடல்லதான் போய்ப் புடிக்கணும்."

அவர் மனைவி உள்ளேயிருந்து சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் கண் முன்னே வெள்ளித் தேர் கடலில் மிதந்தது.

சரி, இடத்தானுக்கு அந்தப் பாதையையாவது பழக்கிவிடுவோம், தெரிந்த ரோட்டில் பயம் குறையும் என்று கணக்குப் போட்டேன். அந்தச் சமயத்தில்தான், தண்ணீர்மலை ரோட்டில் ஒரு பங்களாவில் வந்து தங்கியிருக்கும் மூன்று பேருக்குத் தினமும் வண்டி வேண்டும் என்று அந்த வீட்டுச் சமையல்காரர் காய்கறி வாங்கும் பாசாரில் விசாரித்துக்கொண்டிருந்தார். முருகனே வழி காட்டிவிட்டான் என்று நினைத்து, முதல் ஆளாகப் போய் ஒப்புக்கொண்டேன்.

அவர்கள் மூவரையும் ஏதோ ஒரு பெரிய கல்லூரி அனுப்பியிருந்தது. கல்லூரி என்றால் எல்லாருக்கும் ஒரே பாடம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவர்கள் மூவருடைய பாடத்துக்கும் ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

முதலாமவர் வயதான வெள்ளைக்காரர். செடி கொடி பார்க்கிறவர். நான் அவரை மனதுக்குள் இலைத் துரை என்று வைத்துக்கொண்டேன். பாசாரில் புழங்கும் கொச்சை மலாய் பேசுவார். தோளில் ஒரு பச்சைத் தகரப் பெட்டி தொங்கும். இலையைப் பறித்து, வெயிலில் பிடித்துப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்து, பெட்டிக்குள் போட்டு மூடியை டப்பென்று அடித்துச் சாத்துவார்.

இரண்டாமவர் யாழ்ப்பாணத்துக்காரர், இன்ஜினியர். சாலை, வாய்க்கால், மலைச்சரிவு இதெல்லாம் அவருடைய பாடம். சங்கிலி போட்டு அளப்பார். அளந்த இடத்தில் ஓர் இரும்பு முளையை வைத்துச் சுத்தியலால் ணங்கென்று ஒரே அடி.

மூன்றாமவர் இளவயது வெள்ளைக்காரர். சொற்களைச் சேகரிக்க வந்தவர். தமிழ் தெரியும். ஆனால் கல்வெட்டில் இருப்பவர்கள் எழுந்து வந்து பேசினால் எப்படி இருக்குமோ அப்படிப்பட்ட தமிழ். செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம் வைத்திருந்தார். கேட்டதை எழுதிக்கொண்டு அதைப் பொத்தென்று மூடுவார். இவர் சொல் துரை.

முதல் நாளே எனக்கு விளங்கிவிட்டது, இவர்கள் எங்கேயும் போவதற்காக வண்டி ஏறுகிறவர்கள் இல்லை, நிற்பதற்காக ஏறுகிறவர்கள். பத்தடி போனதும் இலைத் துரை "பெர்ஹெந்தி" என்பார். மலாயில் நில் என்று அர்த்தம். இறங்கி, பறித்து, டப். இன்னும் கொஞ்சம் போனதும் இன்ஜினியர், "கொஞ்சம் நில்லும் காணும், இந்த ஏத்தம் எவ்வளவு எண்டு பாக்கோணும்" என்பார். ணங். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டு வாசலிலும், எதிரே யாராவது கூடை சுமந்து வந்தாலும், சொல் துரை, "ஐய, சற்றே நிறுத்துவீராக" என்று குதித்து இறங்கி, கண்ணில் பட்ட ஒவ்வொன்றுக்கும் பெயர் கேட்பார். பொத்.

ஒரு சத்தம் கேட்டால் மாடு நகரலாம் என்று அர்த்தம். நான் நாக்கைச் சொடுக்குவதற்கு முன்னமே அவை நகரப் பழகிவிட்டன.

வழியில் ஒரு பாக்கு மரம் இருந்தது. வீடு எதுவும் இல்லாத இடத்தில், ரோட்டோரமாகத் தனியாக நின்ற சாதாரணப் பாக்கு மரம். இந்தத் தீவுக்குப் பெயரே பாக்கிலிருந்து வந்தது என்பதால் மூவருக்கும் அதன்மேல் ஒரு கண். ஒரு நாள் காலை முழுவதும் அதைச் சுற்றியே நின்றார்கள். இலைத் துரை அடியில் மண்டியிட்டு வேரைப் பார்த்தார். இன்ஜினியர் தூர நின்று அது எத்தனை சாய்ந்திருக்கிறது என்று பார்த்தார். சொல் துரை என்னைப் பார்த்தார்.

"இம்மரத்தை நும் ஊரார் யாதென விளிப்பர்?"

"பாக்கு மரம்னுவாங்க துரை."

"மலாயர்?"

"பினாங்னுவாங்க."

"சீனர்?"

"அவங்ககிட்டத்தான் கேக்கணும் துரை."

உடனே அந்த வழியாக வந்த காய்கறிக்காரச் சீனரை நிறுத்தினார். அவரிடம் அவர் மொழியில் கேட்க, அவர் தன் கூடையில் இருந்த முள்ளங்கியைக் கேட்கிறார் என்று நினைத்து விலை சொல்ல, முள்ளங்கிக்கும் ஒரு பெயர் கிடைத்தது. கடைசியில் மூவரும் எது முக்கியம் என்று வாக்குவாதம் செய்தார்கள். மரம் என்ன ஜாதி என்று தெரியாமல் எப்படிப் பெயர் சொல்வது என்று ஒருவர். எந்த நேரம் தலையில் விழும் என்று தெரியாமல் கீழே உட்கார்ந்து ஜாதி பார்ப்பதாவது என்று இன்னொருவர். எனக்கு அந்த இரண்டாவது பேச்சுதான் நியாயமாகப் பட்டது. மாடுகளை மரத்தின் நிழலுக்கு வெளியே நகர்த்தப் பார்த்தேன். நகரவில்லை. டப்போ ணங்கோ பொத்தோ இன்னும் கேட்கவில்லை அல்லவா?

சில நாளில் வியாதி முற்றிவிட்டது. துரைமார் இல்லாத நாளில் அரிசி ஏற்றப் போனால்கூட மாடுகள் வீட்டு வாசலுக்கு வாசல் நின்றன. வேலியில் கொடி படர்ந்திருந்தால் நின்றன. மேடு வந்தால் நின்றன. கூடையோடு யாராவது வந்தால் நின்று அவரைப் பார்த்தன. துறைமுகத்து வண்டிக்காரர்களுக்குக் கேட்கவா வேண்டும்.

"என்னண்ணே, உங்க மாடு யோசிக்குது?"

"படிச்ச மாடுலா அது. கேள்வி கேட்டுட்டுத்தான் மூட்டையத் தூக்கும்."

"அண்ணே, உங்க மாட்டக் கேட்டுப் பாருங்க, என் வண்டி என்ன மரம்னு சொல்லும்."

வீட்டுக்கு வந்து கவலைப்பட்டேன். இரண்டு வேளைச் சோறு இறங்கவில்லை. தேர் மாடு என்றால் நடை வேண்டும். நடக்கவே மாட்டேன் என்கிற மாட்டை எந்தப் பெரியவர் எடுப்பார்?

"அந்தத் தொரைங்ககிட்டயே சொல்லுங்களேன்" என்றாள் மனைவி. "படிச்சவங்கதான. கெடுத்தவங்களே வழி சொல்லட்டும்."

போய்ச் சொன்னேன். பங்களா வராந்தாவில் மூவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு, என் வேண்டுதலையும் மாடு கெட்டுப்போன கதையையும் தமிழும் மலாயும் கலந்து ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். மூவரும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். இவ்வளவு கவனமாக என் பேச்சை அதுவரை யாரும் கேட்டதில்லை. மனம் நெகிழ்ந்துபோனது.

இலைத் துரைதான் முதலில் எழுந்தார். "லெம்பு மாக்கான் ஆப்பா?" என்றார். மாடு என்ன தின்கிறது என்று கேட்கிறார். நிற்கிற இடத்திலெல்லாம் ஏதாவது ஒரு புல் இருக்க வேண்டும், அது என்ன புல் என்று பார்த்தாக வேண்டுமாம்.

"அது புல்லால இல்லை" என்றார் இன்ஜினியர். "ஏத்தமும் பாரமும்தான் காரணம். எத்தினை அடிக்கு ஒருக்கா நிக்குது எண்டு அளக்கோணும். விளங்குதே?"

சொல் துரையோ புத்தகத்தைத் திறந்துவிட்டார். "ஐய, மாடு இங்ஙனம் நிற்றலை நும் வழக்கில் எவ்வாறெல்லாம் கூறுவர்?"

"என்னத்தச் சொல்றது துரை. சண்டித்தனம் பண்ணுதும்போம். மக்கர் பண்ணுதும்போம். மொரண்டு புடிக்குதும்போம். எடக்குப் பண்ணுதும்போம்."

என் வயிற்றெரிச்சல் ஒவ்வொன்றாக வெளியே வர வர, அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசியில் பொத்தென்று மூடினார். வாசலில் நிறுத்தியிருந்த மாடுகள் இரண்டும் வண்டியோடு கிளம்பிவிட்டன. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

மறுநாளிலிருந்து அவர்களுடைய பழைய ஆராய்ச்சிகளோடு, என் மாடு ஏன் நிற்கிறது என்ற ஆராய்ச்சியும் சேர்ந்துகொண்டது. மாடு நிற்பதற்கு முன்பே அது நிற்குமா என்று பார்ப்பதற்காக நிறுத்தினார்கள்.

மாடு பார்க்கும் நாள் வந்தது. காலையில் மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவினேன். மனைவி மாடுகளுக்கும் எனக்கும் திருநீறு பூசிவிட்டாள். அவள் கை கொஞ்சம் சூடாக இருப்பதுபோல் தோன்றியது.

"அடுப்புல இருந்து வர்றேன்" என்றாள், நான் கேட்பதற்கு முன்பே.

கோயில் பெரியவர்கள் நான்கைந்து பேர் வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் கையில் குடை. அவர் சொல்தான் முடிவு. ஒரு கோணியில் தேங்காய் இருந்தது. தேர் நாளன்று வாசலுக்கு வாசல் அர்ச்சனைத் தட்டோடு ஜனங்கள் நிற்பார்கள், தேங்காய் உடையும். அந்தச் சத்தத்துக்கு மாடு எப்படி என்று பார்க்க அந்தக் கோணி. அதைப் பார்த்ததும் எனக்கு இடத்தானுடைய பழைய துள்ளல் ஞாபகம் வந்தது. நிற்கிற கவலையில் துள்ளுகிற கவலையை நான் மறந்தே போயிருந்தேன். இரண்டும் சேர்ந்துகொண்டன.

முதலில் மச்சானுடைய ஜோடி. என்ன நடை. தெருவே அவற்றுக்காகப் போட்டதுபோல இருந்தது. ஒரு பெரியவர் தேங்காயை உடைத்ததும் இரண்டும் காதை விறைத்துக்கொண்டு வேகம் எடுத்தன. மச்சான் கயிற்றை இழுத்துப் பிடிப்பதற்குள் நாலைந்து வீடு தாண்டிவிட்டன. வீட்டு வாசல்களில் வேடிக்கை பார்த்து நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஓர் அம்மாள், "போன வருஷமும் இப்படித்தான், தட்டைத் தூக்கிக்கிட்டு நான் பின்னால ஓடுனேன்" என்றார். என் காதில் அது விழுந்தது. ஆனால் அந்தக் கம்பீரத்தைப் பார்த்த பிறகு அதை யார் யோசிப்பது? முடிந்தது கதை என்று நினைத்தேன்.

பிறகு என் ஜோடி. முதல் வீட்டு வாசலிலேயே இரண்டும் நின்றுவிட்டன. நாக்கைச் சொடுக்கினேன். முதுகைத் தட்டினேன். முருகா என்றேன். பின்னால் மச்சான் தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது. குடைக்காரப் பெரியவர் கோணியில் கைவிட்டு ஒரு தேங்காயை எடுத்தார். நான் மூக்கணாங்கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

டப்.

கண்ணைத் திறந்தேன். இடத்தான் துள்ளவில்லை. வலத்தானோடு சேர்ந்து, அரிசியில் கல் பொறுக்குகிறவனைப்போல நிதானமாக நடந்துகொண்டிருந்தது. அடுத்த வாசலில் நின்றது. தேங்காய் உடைந்தது. நடந்தது. அதற்கடுத்த வாசலிலும் அப்படியே. எத்தனை மாதமாக அதன் காதருகே தகரப் பெட்டி டப்பென்றும், இரும்பு ணங்கென்றும், புத்தகம் பொத்தென்றும் அடித்துக்கொண்டே இருந்தன. இடத்தானுக்குச் சத்தம் என்பது பயப்படுகிற விஷயமாக இல்லாமல் போய்விட்டிருந்தது. வேலை முடிந்தது, கிளம்பலாம் என்று சொல்கிற விஷயமாகிவிட்டிருந்தது.

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பார்வையின் அர்த்தம் புரியவில்லை. கேலி செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

பாக்கு மரம் வந்தது. வீடும் இல்லை, வாசலும் இல்லை. மாடுகள் நின்றன.

"இங்க எதுக்கு நிக்குது?" என்றார் குடைக்காரப் பெரியவர்.

"எப்பவும் நிக்கிற எடங்க" என்றேன். அது நிஜம்தான்.

அவர் குடையைச் சாய்த்து, மரத்தை அடியிலிருந்து நுனிவரை வெகுநேரம் பார்த்தார். "மாட்டுக்குத் தெரியும். நமக்குத் தெரியாம என்னமோ இருக்கு" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றினார். மற்றவர்களும் கழற்றினார்கள். வேரருகே இருந்த ஒரு கல்லில் தேங்காய் உடைந்தது. மாடுகள் நடந்தன.

அடிவாரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"வாசலுக்கு வாசல் யாரு நிக்கச் சொல்லிக் குடுத்தா?"

"படிச்சவங்க மூணு பேருங்க."

அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார். "தைப்பூசத்தன்னிக்குக் கருக்கல்லயே ஓட்டிட்டு வந்துரு" என்றார்.

மச்சான் என் தோளில் கை போட்டார். "படிச்ச மாட்டுகிட்ட என் மாடு என்ன பண்ணும் மாப்ள. அதுக்குப் பள்ளிக்கூட வாசல்கூடத் தெரியாது, உன்ன மாதிரி."

தைப்பூசத்தன்று வெள்ளித் தேர் டவுனிலிருந்து கிளம்பி, வாசலுக்கு வாசல் நின்று வந்தது. ஒரு தட்டுகூடத் தப்பவில்லை. பெரிய வீட்டுச் சீன முதலாளி, தவுக்கே ஒருவர், தேர் வருவதற்கு முன்பே குவியல் குவியலாக உடைத்து முடித்துவிட்டு, தேர் நின்றதும் ஒற்றைத் தேங்காயைத் தனியாக உடைத்தார். மாடுகள் அவருக்கும் மரியாதையாகக் காத்திருந்துவிட்டு நடந்தன. என் மனைவி தன் கூடையோடு கூட்டத்தின் ஓரமாக வந்துகொண்டிருந்தாள். நான் திரும்பித் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். வியர்வைதான், சுரம் இல்லை.

பாக்கு மரம் வந்தது. ஒரு வாரத்துக்குள் அதற்கு யாரோ மஞ்சள் துணி கட்டிவிட்டிருந்தார்கள். அடியில் இருந்த கல்லுக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே என் மூன்று படிப்பாளிகளும் நின்றார்கள். தேர் நின்றது. தேங்காய்க் கோணி சுமந்தவர் கூட்டத்தில் எங்கோ பின்னால் மாட்டிக்கொண்டார். மேளக்காரரும் மூச்சு வாங்க நிறுத்தியிருந்தார்.

தேர் நகரவில்லை. சொடுக்கினேன், தட்டினேன், கெஞ்சினேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அடிவாரம் எட்டும் தூரத்தில் தெரிந்தது. அங்கே போய்ச் சேராத வரைக்கும் என் வேண்டுதல் பாதிதான். பாதி வேண்டுதலுக்குப் பாதிச் சுரமா என்று மனம் கணக்குப் போடத் தொடங்கியது. இலைத் துரை பாக்கு மரத்தில் மஞ்சள் துணி கட்டிய விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜினியர் குனிந்து தேர்ச் சக்கரம் மண்ணில் எவ்வளவு பதிந்திருக்கிறது என்று பார்த்தார். சொல் துரை தேரருகே வந்து குடைக்காரப் பெரியவரைக் கேட்டார்.

"ஐய, இம்மரத்தடியில் தேர் நிற்றல் எக்காலந்தொட்டு வரும் வழக்கம்?"

"அது ஆதியிலேருந்தே உண்டு" என்றார் பெரியவர். ஒரு வாரத்துக்கு முன் இதே இடத்தில் எதுக்கு நிக்குது என்று கேட்டவர். "எங்க பாட்டனார் காலத்துலயும் இங்க நின்னுதான் போகும்."

சொல் துரையின் பேனா பறந்தது. எழுதிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "மெய்தானோ?"

நான் வாயைத் திறந்தேன். துரை, நீங்கள் மூன்று பேரும் இங்கே ஒரு நாள் காலை முழுவதும் நின்றீர்கள், அதனால்தான் என்று சொல்ல வேண்டும். சொன்னால் பெரியவர் என்ன நினைப்பார்? சொல்லாவிட்டால் அந்தப் புத்தகத்தில் தப்பு ஏறுமே, அதைப் படிக்கிற வேறு துரைமார் என்ன ஆவார்கள்? முருகன் யார் பக்கம்? இதையெல்லாம் நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் எழுதி முடித்துவிட்டார். புத்தகத்தை மூடினார்.

பொத்.

தேர் கிளம்பியது. ஜனங்கள் அரோகரா போட்டார்கள். நான் திறந்த வாயை அப்படியே அரோகராவுக்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

அடிவாரத்தில் சாமி இறங்கியதும் மாடுகளை அவிழ்த்து ஓரமாக நிறுத்தினேன். மனைவி பக்கத்தில் வந்து, கூடையிலிருந்து ஒரு முழுத் தேங்காயை எடுத்தாள்.

"இத வச்சுக்கிட்டா பாக்கு மரத்தடியில பேசாம நின்னே? நான் அங்க செத்துப் பொழைச்சேன்."

"இது உங்க மாட்டுக்கு இல்ல. நான் வேண்டிக்கிட்டது."

"என்னன்னு?"

"உங்க வேண்டுதல் நல்லபடியா முடிஞ்சா ஒரு தேங்கா உடைக்கிறேன்னு. ஒண்ணு போதும்னு நெனச்சேன். போதுமாத்தான் இருந்துச்சு."

சொல்லிவிட்டுக் கல்லில் ஓங்கி உடைத்தாள். எனக்குக் கண் கலங்கியது. அவளிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்று திரும்பினேன்.

மாடுகள் இரண்டும் மாலையும் கழுத்துமாகக் கூட்டத்துக்குள் நடந்துபோய்க்கொண்டிருந்தன. நான் பின்னால் ஓடினேன்.